முட்டுக்கட்டை நேரம்

'மதுரைக்கு ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தான் சார்!' என்று ஆபீஸில் யாராவது சொன்னால், 'எங்கேர்ந்து?' என்று கேளுங்கள். ஆசாமி பல்லாவரத்துக்காரர் என்றால் விட்டுவிடலாம். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர் என்றால் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 415 கிலோமீட்டர். ஜெட் விமானம் முழு வேகத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அப்படியானால் அரை மணியில் மீனாட்சி கோபுரம் தெரிய வேண்டாமா? டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கிறது. மிச்சத்தை யார் சாப்பிட்டார்கள்?

யாரும் சாப்பிடவில்லை. டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் அல்ல. இங்கே சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுப்பதில் ஆரம்பித்து, அங்கே போய் மறுபடி வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். துறைமுக கேட்டுக்காக எண்ணூர் ரோட்டில் நிற்கிற கன்டெய்னர் டிரெய்லருக்கு கிளீனர் கட்டை வைப்பாரே, அதே சமாசாரம்தான்! ஓடுபாதை வரை ஊர்வலம், அங்கே ஒரு கியூ, மேலே ஏறக் கொஞ்ச நேரம், கீழே இறங்கக் கொஞ்ச நேரம்... முழு வேகத்தில் போவது சொற்பம். அதனால்தான் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம்கூட, ஜெட்டைவிட கால் மணி, இருபது நிமிஷம்தான் பிந்துகிறது.

இனி நம்ம கணக்கு. விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. சுமார் 32 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். (முதல் வண்டியே காலை 5 மணிக்குத்தான். விடிகாலை ஃப்ளைட் என்றால் கால் டாக்ஸிக்குத் தண்டம் அழ வேண்டும்.) கவுண்டர், செக்யூரிட்டி ஒன்றரை மணி. விமானம் ஒன்றேகால். பெட்டி வாங்கி, பெருங்குடி தாண்டி மதுரை டவுனுக்குள் போக ஒரு மணி. ஆகமொத்தம் நாலே முக்கால்!

ரயில்? எழும்பூர் போய்ச் சேர ஒரு மணி, வந்தே பாரத் ஐந்தரை மணிக்கு மேல். ஏறத்தாழ ஆறே முக்கால். 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது, மதுரைக்கு ஏழு மணி நேரம் என்பதையே ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. இன்று விமானம் நமக்கு மிச்சம் பிடித்துத் தருவது இரண்டு மணி. திருச்சி என்றால் முக்கால் மணிகூடத் தேறாது.

சும்மா லீவுக்குப் போகிறவருக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும்: 'அப்பாவுக்கு ரொம்ப முடியலடா, உடனே கிளம்பி வா.' அப்போது எது வேகம் என்று பார்க்காதீர்கள். எது முதலில் கிளம்புகிறது என்று பாருங்கள். காலை ஃப்ளைட்டில் இடம் இல்லை, மாலையில்தான் என்றால், கிளாம்பாக்கத்தில் விடிந்ததும் பஸ் ஏறியவர் உங்களுக்கு முன்னால் அப்பாவின் கட்டிலருகே இருப்பார். கடைசி நேர டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு, ஆஸ்பத்திரி செலவுக்கு ஆகும்.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறதாம். மீனம்பாக்கத்தைவிட இன்னும் தூரம். எண்ணூர்க்காரர்கள் இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும்!