உலைக்கு முன் ஒரு பிடி

மிசோரம் வீடுகளில் உலையில் அரிசி விழுவதற்கு முன் ஒரு சின்ன வேலை நடக்கிறது. குடும்பத்துக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுக்கும் பெண், அதைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளிப் பக்கத்திலிருக்கும் தனிப் பாத்திரத்தில் போடுகிறார். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி. ஜெபக் கூட்டம் இல்லை, பாட்டு இல்லை, பார்ப்பதற்குக் கூட யாரும் இல்லை.

மிசோ மொழியில் இதற்கு 'பூஃபாய் தாம்' என்று பெயர். பூஃபாய் என்றால் அரிசி, தாம் என்றால் பிடி. நமக்குப் பிடியரிசி தெரியாததல்ல. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதே பெயரில் ஒரு திட்டத்தை வலியுறுத்தி வந்தார். ஆனால் ஒரு மாநிலமே நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் இதைச் செய்துவருவது வேறு விஷயம்.

பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் இது தொடங்கியது 1910-ல். முதல் மிஷனரிகள் லோரைனும் சாவிட்ஜும் அந்த மலைக்கு வந்து சேர்ந்தது 1894 ஜனவரியில். முதல் ஞானஸ்நானம் 1899-ல்தான். அதாவது, அங்கே கிறிஸ்தவம் தவழ்ந்துகொண்டிருந்த காலம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் காசு கிடையாது. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைக்கும் ஜூம் விவசாயம் தரும் நெல்தான் அவர்கள் சொத்து. எனவே இருந்ததைக் கொடுத்தார்கள்.

கொடுத்ததும் எப்போது என்று பாருங்கள். 1911-12-ல் 'மௌதாம்' வந்தது. சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடுகள் மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் விதை தீர்ந்ததும் வயலுக்கு இறங்கி நெல்லைத் தின்றுவிடும். பிறகு பஞ்சம். பிடியரிசி தொடங்கி இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை. அடுத்த மௌதாம் 1959-ல். நிவாரணத்தில் அரசு காட்டிய மெத்தனம் கிளர்ச்சிக்கு வித்திட்டது. 1966 மார்ச்சில் இந்திய விமானப் படையே ஐஸ்வால் மீது குண்டு வீசியது. கிராமங்கள் காலி செய்யப்பட்டு மக்கள் ராணுவக் கண்காணிப்பில் குடியமர்த்தப்பட்டார்கள். 1986-ல்தான் சமாதான ஒப்பந்தம். இத்தனைக்கும் பிறகும் அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பிடி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது. மூட்டையிலிருந்து அல்ல. சமைக்க அளந்தெடுத்த அரிசியிலிருந்து. மூட்டையில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. அளந்த அரிசியில் குறைந்தால் யாரோ ஒருவர் தட்டில் ஒரு கவளம் குறையும். யார் தட்டில் என்று நம் வீட்டுச் சமையலறைகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைபிளில் வரும் சாறிபாத் விதவையிடமும் கடைசியாக இருந்தது ஒரு பிடி மாவுதான். தீர்க்கதரிசி எலியா முதலில் தனக்கு ஓர் அடை செய்துதரச் சொல்கிறார். மற்ற நாட்களில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை. பஞ்ச காலத்தில் மிசோ பெண்களுக்கு அது அன்றாடக் கணக்கு.

மிசோ சமூகத்தில் 'த்லோம்ஙாய்னா' என்றொரு பழைய நெறி உண்டு. தன்னை மறந்து பிறருக்கு உதவுவது என்று தோராயமாகச் சொல்லலாம். மிஷனரிகள் வருவதற்கு முன்பே இருந்தது. பிடியரிசி வேர் பிடித்ததற்கு பைபிளைப் போலவே இதுவும் காரணம் என்பது என் அபிப்பிராயம். நன்றியைக் காட்ட அந்த மக்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தரத் தேவை இருக்கவில்லை.

சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று வாங்கி வருகிறார்கள். அது விற்கப்பட்டுப் பணமாகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தனி. இது அதற்கு மேல். 2011 கணக்கெடுப்பில் மிசோரமின் மக்கள்தொகையே சுமார் 11 லட்சம்தான். ஆனாலும் இந்தப் பிடிகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகின்றன. திரிபுரா, அசாம், அருணாசலப் பிரதேசம் வரை மிசோ ஊழியர்கள் அனுப்பப்படுகிறார்கள். மதம் பரப்புவதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். வெளிநாட்டுப் பணம் என்ற வழக்கமான குற்றச்சாட்டை மட்டும் இந்த அரிசிமேல் வைக்க முடியாது. அரிசி வெளியிலிருந்து வருகிறது என்பது உண்மை: தன் தேவைக்கு வேண்டிய அரிசியை மிசோரம் விளைவிப்பதில்லை. மற்ற மாநிலங்களில் விளைந்து லாரியில் மலையேறி, ரேஷன் கடை வழியாக வந்த அரிசியிலும் அந்தப் பிடி எடுக்கப்படுகிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அரிசியை அளப்பது பெண், ஒதுக்குவது பெண், தெருத் தெருவாகப் போய்ச் சேகரிப்பதும் பெண். நூறு ஆண்டுகள் முடிந்த 2010-லும் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் ஒரு பெண்கூட போதகராக அபிஷேகம் பெற்றிருக்கவில்லை. தியாகத்தைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து போதகர்களாகப் பேசியவர்கள் ஆண்கள். கேட்டுவிட்டு வீடு திரும்பி உலை வைத்தவர்கள் பெண்கள்.