வேலி ஓணானும் வெளிநாட்டு ஓணானும்



எங்க ஊர் ராஜபாளையம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "வீட்டுல நாய் இருக்கா?" என்பதுதான். 2005-ல் எங்க ஊர் நாய்க்குத் தபால்தலையே வந்தது. அப்படிப்பட்ட ஊரில் சித்தி மகன், எனக்குத் தம்பி முறை, வாங்கி வந்ததோ ஓர் ஓணான்! 'பியர்டட் டிராகன்' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. கோபம் வந்தால் கழுத்து உப்பிக் கறுத்துத் தாடி மாதிரி தெரியும்.

ஆறே மாதத்தில் அதன் கால் எலும்புகள் வளைந்தன. நகர முடியாமல் கிடந்து செத்தும் போனது. தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாசத்துக்குக் குறைவே இல்லை, விஷயம்தான் தெரியவில்லை.

ஜன்னலோரம் வெயில் படும்படி தொட்டியை வைத்திருந்தான். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்பில் சேராது. அதற்கென்று தனி விளக்கு வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் 40 டிகிரி சூடு, மறுபக்கம் ஒதுங்க நிழல் வேண்டும்.

சாப்பாட்டிலும் தப்பு. தினமும் பாலக்கீரை! அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குட்டிக்குப் பூச்சிதான் முக்கியம், வளர்ந்த பிறகே கீரையும் காயும் அதிகம். பூச்சி அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது, மேலே கால்சியம் பொடி தூவ வேண்டும். பருத்திக் காட்டு வெட்டுக்கிளியைப் பிடித்துப் போட்டால் பூச்சிமருந்தும் சேர்ந்தே உள்ளே போகும்.

இவ்வளவும் பத்து வருஷம் செய்ய முடியுமா? முடியாதென்றால் வாங்காதீர்கள். என் கட்சி இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வேலி ஓணானும் அந்த டிராகனும் ஒரே குடும்பம். அதை நாம் எப்படி 'வளர்த்தோம்'? ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்தோம், கல்லால் அடித்தோம். நானும் அடித்திருக்கிறேன். கேட்டால், ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் அதில் ஒண்ணுக்கு இருந்து கொடுத்ததாம்! பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற மலை அணிலுக்கு 1988-லேயே சரணாலயம் வந்துவிட்டது. அது வேறு அணில்தான், இருந்தாலும் அணில் சாதிக்கே யோகம். ஓணானுக்குக் கிடைத்தது கல்.

ஆசையாக இருந்தால் காலை வெயிலில் வேலியோரம் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஆண் ஓணான் கழுத்து சிவக்கத் தண்டால் எடுக்கும், எறும்பைப் பிடிக்கும். விளக்குச் செலவு, பொடிச் செலவு எதுவும் இல்லை. வேலியில் போவதை எடுத்து வேட்டிக்குள் விட வேண்டாம், வேலியிலேயே விட்டுவிடுங்கள். :-)