குட்டி ஆமை வாங்கப் போறீங்களா?

தட்டாஞ்சாவடி மாடி வீட்டில் குட்டி ஆமை வளர்க்க ஆசையா? நட்சத்திர ஆமை மட்டும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். அந்த ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனா வருவாரோ இல்லையோ, வனத்துறை வரும்!

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் சிவப்புக்காது ஆமை. இன்று பத்து ரூபாய் நாணயம் போல இருக்கும். வளர்ந்தால் ஓடு ஓரடியை நெருங்கும், 30 வயதுவரைகூட வாழும். நீந்தத் தண்ணீர், ஏறிக் காயக் கல், ஆமைத் தீனியோடு கொஞ்சம் கீரை வேண்டும். சோறு, பிரெட் கூடாது. தினமும் இளவெயில் நேராகப் படணும், ஒதுங்க நிழலும் இருக்கணும். கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது. ஓடு மெத்தென்று ஆகிவிடும். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

பெரிதாகிவிட்டதே என்று ஊசுடு ஏரியில் விட்டுவிடாதீர்கள். நம்ம ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.