உண்டியல் எண்ணும்போது பிள்ளைகளும் உட்காரட்டும்



போன மாசம் உண்டியல் திறந்த ஞாயிற்றுக்கிழமை, தேவார வகுப்பு முடிந்து வந்த படிவம் 4, 5 பிள்ளைகள் ஆறு பேரை எங்களோடு எண்ண உட்கார வைத்தோம். எண்ணி முடிச்சதும் பொருளாளர் அக்கா திருவிழா வரவு செலவு நோட்டை எடுத்து, உபயம் எப்படி எழுதுறதுன்னு காட்டினாங்க. அப்போ பள்ளியில் கணக்கியல் எடுத்திருக்கும் ஒரு பொண்ணு கேட்டுச்சு: "ஆன்ட்டி, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை உபயமா வந்துச்சே, அது ஏன் வரவுல இல்ல?"

கொஞ்ச நேரம் யாரும் பேசல. காசா வந்ததை மட்டும்தான் இத்தனை வருஷமா எழுதி வந்திருக்கோம். அரிசி, எண்ணெய் எல்லாம் நேரா சமையல்கட்டுக்குப் போயிடும். யாரும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகல, அது அம்பாளுக்குத் தெரியும். ஆனா நோட்டுல இல்ல.

இதைக் கேள்விப்பட்டு நிர்வாகத்தில் சிலருக்கு வருத்தம். சின்னப் பிள்ளைங்க கோயில் கணக்கைப் பார்க்கலாமா, வெளியில போய் என்ன பேசுவாங்களோ என்கிறார்கள். "பக்தியைச் சொல்லிக் கொடுங்க, காசு பாடம் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர். அவர் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்குமா அந்தப் பாடம் இருக்கு? எஸ்.பி.எம்.-இல் கணக்கியல் விருப்பப் பாடம்தான். நம்ம பெற்றோர் பலருக்கு சயன்ஸ் கிடைத்தால்தான் பெருமை, கணக்கியல்னா கடைசி வரைக்கும் கிளார்க் வேலைன்னு நினைப்பு. 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி எம்.ஐ.ஏ.-வில் பதிந்தவர்தான் தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த இடத்துக்கு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழியாகப் பட்டம் வாங்கியும் போகலாம், ஏ.சி.சி.ஏ. எழுதியும் போகலாம். நாங்களே எஸ்.பி.எம்.-ஓடு பெக்டரிக்குப் போனவங்க. அந்த வயசுல இதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்ல.

எல்லாரும் கணக்காளர் ஆகணும்னு சொல்ல வரல. பெக்டரியில் புதுசா சேர்ற 18, 19 வயசுப் பையன்களைப் பார்த்துத்தான் சொல்றோம். ஒரு தம்பி முதல் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, "அண்ணே, இ.பி.எப். வெட்ட வேணாம்னு சொல்லுங்க, முழுசா கையில கொடுக்கட்டும்" என்றான். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. அவனிடம் வெட்டுறது 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி மேலே போடுறது 13 விழுக்காடு, 221 வெள்ளி. மாசம் 408 வெள்ளி அவன் பேர்ல சேருது, 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவும் கிடைச்சுது. அந்த 221 வெள்ளி விஷயமே அவனுக்குத் தெரியாது! பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போன பையன்.

கிரெடிட் கார்டும் இதே கதைதான். 3,000 வெள்ளி பாக்கி, வட்டி 18 விழுக்காடுன்னா ஒரு மாசத்துக்கே 45 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, 150 வெள்ளி கட்டிட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. 45 வட்டிக்குப் போச்சு, கடன் குறைஞ்சது 105தான். மறுபடியும் அதே கார்டைத் தேய்ச்சா அதுவும் இல்ல. முடியாத கட்டத்தில் ஆலோங்கிட்ட ஓடுறாங்க. பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பித்த ஏ.கே.பி.கே. இருக்கு, கடன் ஆலோசனை இலவசம்னு சொன்னா, "அது என்ன அண்ணே?" என்கிறார்கள். அப்புறம் அந்தத் தாய் நம்ம சந்நிதியில் வந்து அழுவாங்க. அர்ச்சனை செய்து அனுப்புறோம். அதுக்கு முன்னாடி அந்தப் பையனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தா அது கோயில் வேலை இல்லையா?

கோயில் கணக்கு ரகசியமும் இல்ல. சங்கமாகப் பதிந்த கோயில், ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆர்.ஓ.எஸ்.-க்கு அறிக்கை அனுப்பியே ஆகணும். ஒவ்வொரு வருஷமும் அதுக்கு நாம படுற பாடு உங்களுக்கே தெரியும். காவடிக்கு ஆள் வருது, தேர் இழுக்க ஆள் வருது, பொருளாளர் பதவின்னா ஒரு கை தூக்க ஆள் இல்ல. அக்கா அந்தக் காலத்து எல்.சி.சி.ஐ. படிச்சவங்க, கண் ஆபரேஷன் முடிஞ்சும் அவங்கதான் எழுதுறாங்க. அவங்களுக்கு அப்புறம் யாரு?

மாசம் ஒரு ஞாயிறு, தேவார வகுப்புக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், மண்டபத்தில் இந்த வகுப்பை வைக்கக் கேட்டிருக்கிறோம். காசு எங்கள் பெரியவர்கள் கையில்தான் இருக்கும். பிள்ளைகள் பார்ப்பார்கள், எழுதுவார்கள், கேள்வி கேட்பார்கள். வர்ற புதன்கிழமை இரவுப் பூசைக்குப் பிறகு நிர்வாகம் இதைப் பேசுது. வேணாம்னு நினைக்கிறவங்களும் வாங்க, நேரில் சொல்லுங்க.

அரிசிக்குத் தனி நோட்டு போட்டாச்சு. போன வெள்ளிக்கிழமை வந்த 10 கிலோ மூட்டை நாலையும் அந்தப் பொண்ணுதான் எழுதி வச்சிருக்கு. உபயம் கொண்டு வர்றவங்க சமையல்கட்டுக்குப் போகும் முன்னாடி ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.