இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் டீ: பத்துக்கு எவ்வளவு?

ஊருக்கு ஃபோன் பண்ணும்போதெல்லாம் தவறாம வர்ற கேள்வி, "வெள்ளைக்காரன் டீ எப்படிடா இருக்கு?" என்பதுதான். ஒரே வார்த்தையில சொல்ற சமாச்சாரம் இல்லை, அதனால மார்க் போட்டே சொல்லிடறேன். நமக்கு சொந்த ஊர் ரேணிகுண்டா. சென்னை-மும்பை லைனும் கூடூர்-காட்பாடி லைனும் சந்திக்கிற ஜங்ஷன். நடுராத்திரி இறங்கினாலும் டீ கிடைக்கிற ஊர்ல வளர்ந்தவன்கிறதால, லண்டன்ல உக்காந்து டீயைப் பத்திப் பேச எனக்குத் தகுதி உண்டு :-)

முதல்ல முறை. டீயை ருசி பாக்கறதுக்குன்னே ஐஎஸ்ஓ 3103-ன்னு ஒரு சர்வதேச தரம் 1980-ல வந்தது. 100 மில்லி கொதிக்கிற தண்ணிக்கு 2 கிராம் தூள், மூடி வச்சு 6 நிமிஷம். இதே மாதிரி பிரிட்டிஷ்காரங்க எழுதின தரத்துக்கு 1999-ல கிண்டலுக்குக் குடுக்கற இக் நோபல் பரிசும் கிடைச்சது. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ரெண்டு டீயை ஒப்பிடணும்னா அளவும் நேரமும் ஒண்ணா இருக்கணுமே? அதே கணக்குல போட்டு, கடைசியில கொஞ்சம் பால் விட்டேன். மார்க் இதோ:

நிறம் 9/10. செம்பு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. இது கென்யா இலையோட வேலை.

திடம் 8/10. அஸ்ஸாம் இலை. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தா வருமே ஒரு வாசனை, அது லேசா வரும்.

மணம் 6/10. சிலோன் இலைதான் இந்தக் கலவைக்கு சுறுசுறுப்பு குடுக்கணும். பைக்குள்ள பொடியா அடைச்சதுல அதுல பாதி காணாம போயிடுது.

பாலோட சேர்ற குணம் 9/10. இதைப் பாலுக்குன்னே கலந்திருக்காங்க.

மொத்தம் 40-க்கு 32, அதாவது பத்துக்கு எட்டு. மேல ஆடை மாதிரி மிதக்கறதுக்கு நான் மார்க் குறைக்கலை. அது லண்டன் தண்ணியில இருக்கற சுண்ணாம்போட வேலை. யார்க்ஷயர் டீக்காரங்க இந்த மாதிரி கடின நீருக்குன்னே தனியா ஒரு கலவை விக்கறாங்க.

"நம்ம ஸ்டேஷன் டீக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு டீயா?" என்பீங்க. அந்த ஒப்பீடே தப்பு. நம்ம டீயில தூள், பால், சர்க்கரை எல்லாம் சேர்ந்து கொதிக்குது. அது ஒரு சமையல். இது ஒரு வடிசாறு. இருந்தாலும் ரெண்டும் ஒருவகையில பங்காளிங்கதான். 1930-கள்ல அஸ்ஸாம்ல வில்லியம் மெக்கெர்ச்சர் கொண்டுவந்த சிடிசி மெஷின், இலையை நசுக்கிக் கிழிச்சு சுருட்டி குருணையாக்கிச்சு. சட்டுன்னு சாறு இறங்கற அந்தக் குருணைதான் இங்க பெரும்பாலான டீ பைக்குள்ள இருக்கு, அங்க பாய்லர் பக்கத்து டப்பாவுலயும் இருக்கு.

இப்ப என் வழக்குக்கு வர்றேன். இதுல இங்கிலீஷ் எங்க இருக்கு? கார்ன்வால்ல ஒரு எஸ்டேட்ல கொஞ்சூண்டு தேயிலை விளையுது, ஆனா உங்க டப்பாவுல இருக்கறது அது இல்லை. இலை மூணு நாட்டுது, பால்தான் உள்ளூர்.

"பேர்ல என்னப்பா இருக்கு?"ன்னு இவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க. ஸ்காட்லாந்துல வடிச்சு, அங்கயே குறைஞ்சது 3 வருஷம் பீப்பாயில வைக்காததை ஸ்காட்ச்னு விக்க முடியாது, சட்டம் பாயும். நம்ம டார்ஜிலிங் டீயும் 2004-ல இந்தியாவோட முதல் புவிசார் குறியீடு வாங்கிச்சு. இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்டுக்கு மட்டும் அப்படி எந்த வரையறையும் கிடையாது. எந்த நாட்டு இலையையும் போட்டு அடைக்கலாம்.

பேர் மறைஞ்சா ஆளும் மறைஞ்சுடறாங்க. அதுதான் என் கவலை. சிலோன்ல 1869-ல வந்த இலைத்துரு நோய் காப்பியை அழிச்சப்புறம், மலை முழுக்க தேயிலை நட்டதும் பறிச்சதும் தமிழ்நாட்டுல இருந்து போன நம்ம சனங்க. 1948-ல குடியுரிமைச் சட்டம் அவங்களை நாடற்றவங்களாக்கிச்சு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணிச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் நீலகிரியில 1968-ல அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு டான்டீ.

அங்கயே தங்கினவங்க கதையை ஒரு சின்னக் கணக்கா பாக்கலாம். ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கணும்னு வச்சுக்குங்க. அது காய்ஞ்சா சுமார் 4 கிலோ தூள். பைக்கு 2.5 கிராம்னா 1,600 கப் டீ. நீண்ட போராட்டத்துக்கு அப்புறம் 2021-ல தான் அவங்க நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் ஆச்சு. அன்னிக்கு மதிப்புல 4 பவுண்டு கூட இல்லை. 2024-ல 1,350 ஆக்கினாங்க. லண்டன்ல ஒரு கஃபேயில உக்காந்து ஒரு டீயும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டா, அந்த 1,600 கப்போட கூலிக்கு மேல பில் வரும்.

டீயைக் குடிக்காதீங்கன்னு சொல்லலை, நானே தினம் மூணு கப் குடிக்கறேன். பேரையும் மாத்த வேணாம். எந்த நாட்டு இலை, எந்தத் தோட்டம்னு டப்பாவுல போடட்டும். இலங்கை தேயிலை வாரியத்தோட சிங்க முத்திரை இருந்தா, உள்ள இருக்கறது முழுக்க அந்த ஊர் இலை, அங்கயே அடைச்சதுன்னு அர்த்தம். அவங்களால முடியுதுன்னா மத்தவங்களாலயும் முடியும்.

அதனால ருசிக்கு எட்டு, பேருக்கு ரெண்டு மைனஸ், ஆக மொத்தம் ஆறு. நீங்களும் அடுத்த தடவை கடைக்குப் போனா டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க மக்களே. ஊர் பேர் போட்ட டப்பா இருந்தா அதை எடுங்க.