வீட்டுக்கொரு கணக்குச் சுவடியா?

ஒரு சட்டம் நல்லதா தீயதா என்று ஆராயப் புகுமுன், அது மக்களால் கைக்கொள்ளத் தக்கதா என்று பார்த்தல் வேண்டும். கைக்கொள்ள இயலாத சட்டம் குற்றவாளியைப் பிடிப்பதில்லை. குற்றமற்றவனைக் குற்றவாளியாக்குவதே அதன் பயனாய் முடியும். தத்தம் வீட்டில் இணையத்தைப் பயன்படுத்துவோர் யார் யார் என்பதற்கு வீட்டாரே பதிவேடு வைத்திருத்தல் வேண்டும் எனும் கருத்து அத்தகையதே. அஃது எவரோ கண்ட கனவன்று. வல்லரசு ஒன்றின் சட்ட அவைகளில் வரைவாகவே வைக்கப்பெற்றதாகும்.

2009 பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் ஒரே பொருள்கொண்ட சட்ட வரைவுகள் கொண்டுவரப்பெற்றன. மேலவையில் சான் கார்னினும் கீழவையில் இலாமர் சுமித்தும் அவற்றை முன்வைத்தனர்; இருவரும் தெக்சாசு மாநிலத்தினர். சிறாரைக் காமக் கொடுமைக்கு இரையாக்கும் படங்களை இணையவழிப் பரப்பும் கயவரைப் பிடித்தலே நோக்கம் என்றனர். அந்நோக்கத்தைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயின் அதற்கு வகுத்த வழி யாது? மின்வழித் தொடர்புப் பணி வழங்குவோர், தாம் ஒருவர்க்கு இடைக்காலமாக அளிக்கும் வலை முகவரி இன்னார்க்கு அளிக்கப்பெற்றது என்று காட்டும் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் காத்துவைத்தல் வேண்டும் என்பதே அவ்வழி.

வீடு என்னும் சொல் அவ்விதியில் இல்லை. ஆனால் இடைக்கால முகவரி அளிக்கும் பணியைப் பெருநிறுவனங்கள் மட்டுமா செய்கின்றன? வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் திசைவி என்னும் சிறு பெட்டியும் அதையேதான் செய்கின்றது! ஆகவே அச்சொற்கட்டு இல்லம், தேநீர்க்கடை, தங்குவிடுதி, நூலகம் ஆகிய அனைத்தையும் வளைத்துக்கொள்ளும் என்று அன்றே பலர் சுட்டிக்காட்டினர்.

அப்பெட்டி வேலை செய்யும் முறையை அறிந்தார்க்கு இவ்வாணையின் பொருந்தாமை எளிதில் விளங்கும். வெளியுலகிற்கு ஒரு வீடு முழுமைக்கும் முகவரி பெரும்பாலும் ஒன்றே. அதை வீட்டுக்கு அளித்த நிறுவனமே அதன் பதிவை வைத்துக்கொள்ள முடியும். வீட்டினுள் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் திசைவி தனித்தனி உள்முகவரி தருகின்றது. அது குறித்துவைப்பது கருவியின் எண்ணும் நேரமுமேயன்றி ஆளின் பெயரன்று. தந்தையின் கணினியில் மகன் அமர்ந்தானா, விருந்தினர் அமர்ந்தாரா என்பதைப் பெட்டி அறியுமோ? அக்கருவி எண்ணும் நிலையானதன்று. 2019, 2020ஆம் ஆண்டுகளுக்குப்பின் வந்த கைப்பேசிகள் பலவும் வலைக்கு வலை தம் எண்ணைத் தாமே மாற்றிக் காட்டுகின்றன. மேலும், எளிய திசைவிகளின் நினைவகம் மிகச் சிறிது. மின் நின்றால் குறித்தவை பலவும் அழிந்துபோகும். அத்தகைய பெட்டியில் ஈராண்டுப் பதிவைக் காப்பது ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பதாகும்.

இவற்றினும் பெரிய பொருந்தாமை ஒன்றுண்டு. அப்பதிவேட்டை எழுதுவோன் யார்? வீட்டுக்குரியவனே! குற்றம் செய்தவன் அவனாயின், தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஏட்டைத் தானே எழுதிக் காத்துவைப்பானோ? பொத்தான் ஒன்றை அழுத்தி அழித்துவிடுவான். எஞ்சுவது நேர்மையாளரின் ஏடு மட்டுமே. களவுபோன வீட்டின் கணக்கைக் கள்வனிடமே கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2008 சூலைத் திங்கள் 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில மணித்துளிகளுக்கு முன்னர், அக்கொடுமைக்குப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறையினர் அதன் முகவரியைப் பின்பற்றிச் சென்றபோது, அது நவி மும்பையில் இருந்த ஒரு வீட்டை அடைந்தது. அவ்வீட்டாரின் கம்பியில்லா இணைப்பு பூட்டப்படாமல் கிடந்தது. அதை வேறெவரோ பயன்படுத்திக்கொண்டனர். அவ்வீட்டில் பதிவேடு இருந்திருப்பின், முன்பின் அறியாத ஒரு கருவியின் எண் கிடைத்திருக்கும். கொடியவனின் பெயர் கிடைத்திராது. அங்குத் தேவைப்பட்டது பூட்டேயன்றி ஏடன்று.

இவ்வுண்மையைச் செர்மனியின் உச்ச முறைமன்றம் தெளிவாகக் கண்டது. வீட்டுக்காரர் வெளியூர் சென்றிருந்தபோது, அவருடைய வலையின்வழி ஒரு பாட்டு உரிமையின்றிப் பகிரப்பெற்ற வழக்கில், 2010 மே 12ஆம் நாள் அது தீர்ப்பளித்தது. திசைவியை வாங்கும்போது வழக்கிலுள்ள காப்பைப் பொருத்திக்கொள்க. தனக்கெனப் போதிய நீளமுள்ள கடவுச்சொல்லை வைத்துக்கொள்க என்ற அளவே வீட்டார்க்குக் கடமையாக்கப்பெற்றது. எளிய குடிமகனும் ஒரே நாளில் செய்து முடிக்கத்தக்க கடமை அது!

அமெரிக்க வரைவு சட்டமாகாமலே மடிந்தது. 2011இல் அதே இலாமர் சுமித்து கொண்டுவந்த மற்றொரு வரைவு கீழவைக் குழுவில் திருத்தம் பெற்றபோது, கடமை வணிக முறையில் பணி வழங்குவோர்க்கு மட்டும் என்றும், காலம் ஓராண்டு என்றும் சுருங்கியது, அதுவும் சட்டமாகவில்லை. நிறுவனங்கள்மேல் இச்சுமையை ஏற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு நெறியாணையையும், தனிவாழ்வு உரிமையை அளவிறந்து மீறுவதெனக் கண்டு, அவ்வொன்றியத்தின் முறைமன்றமே 2014 ஏப்பிரல் 8ஆம் நாள் செல்லாதென அறிவித்தது. பெருநிறுவனங்களுக்கே பொருந்தாதென்று தள்ளப்பெற்ற சுமையைக் குடிசையின் தலையில் வைப்பதா?

‘மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?’ என்பர் சிலர். வீட்டுக்கு வந்துபோன உறவினர் யார், நள்ளிரவில் விழித்திருந்தவர் யார், எவர் எத்துணை நாள் தங்கினர் என்பனவெல்லாம் அவ்வேட்டில் இருக்கும். அவை குற்றமல்ல; ஆயினும் அரசுக்குரியனவும் அல்ல. தவிரவும், எல்லாரும் மீறியே தீரவேண்டிய சட்டத்தில் எல்லாரும் குற்றவாளிகளே. அவருள் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பதை அலுவலரின் விருப்பு வெறுப்பே முடிவு செய்யும். எழுதத் தெரியாத முதியவளும் அவர் கைக்குள் அடக்கம். அவருக்கு வேண்டாத எழுத்தாளனும் அடக்கம். கயவன் மட்டும் வெளியே!

குற்றத்தைத் துப்பறிதல் அரசின் பணி. ஐயத்துக்குரியவன் இன்னான் எனக் கண்டு, முறைமன்றத்தின் ஆணை பெற்று, அவன் தொடர்பான பதிவை மட்டும் கேட்டுப் பெறுவதே நேரிய வழி. அமெரிக்கச் சட்டத்திலேயே, குறிப்பிட்ட பதிவை அழிக்காமல் 90 நாள் காத்துவைக்குமாறு நிறுவனத்தை வேண்டவும், அக்காலத்தை நீட்டிக்கவும் வழியுண்டு. அவ்வழியே செல்லாமல், கோடி வீடுகளைக் கணக்கெழுதச் சொல்வது கடமையைக் கைகழுவுவதேயாகும். கதவைப் பூட்டுக என்று அரசு குடிமக்களுக்குச் சொல்லலாம். வருவோர் போவோரை எழுதிவைத்து எம்மிடம் காட்டுக என்று சொல்லுதல் ஆகாது. முன்னது காவல், பின்னது ஒற்று. குடிமகன் அரசின் ஒற்றனல்லன். அவன் இல்லம் அரசின் அலுவலகமும் அன்று!