பழைய தட்டும் புதிய திரையும்

வீட்டிற்குள் நுழையும் ஒவ்வொரு புதிய பொருளும் தன் பின்னால் மற்றொரு பொருளையும் அழைத்து வருவது வழக்கம். குளிர்பெட்டி வந்தபோது ஸ்டெபிலைசர் வந்தது. மிக்ஸி வந்தபோது அதற்கென ஒரு மேசை வந்தது. உயர் தெளிவுத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த இல்லங்களிலோ, பழைய டி.வி.டி. தட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்து நிற்கின்றது.

வாசக அன்பர் ஒருவர் இதுபற்றி நமக்கு எழுதியுள்ளார். 43 அங்குலப் பெட்டி ஒன்றைத் தவணை முறையில் வாங்கியிருக்கின்றார். மகளின் திருமணத் தட்டையும், மறைந்த தம் தாயார் பேசிச் சிரிக்கும் காட்சி அடங்கிய புதுநன்மை விழாத் தட்டையும் அதில் இட்டுப் பார்த்தாராம். பழைய பெட்டியில் பளிச்சென்றிருந்த முகங்கள் இப்போது நீரில் நனைந்தவை போல் மங்கித் தோன்றினவாம். கடைக்காரரோ, "அப்ஸ்கேலிங் டி.வி.டி. பிளேயர் வாங்குங்கள், எல்லாம் எச்.டி. ஆகிவிடும்" என்று கூறியிருக்கின்றார். வாங்கலாமா என்று கேட்கின்றார் அன்பர்.

'எல்லாம் எச்.டி. ஆகிவிடும்' என்ற சொல்லை முதலில் ஆராய்வோம். டி.வி.டி. தட்டு 1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்று வீடுகளில் இருந்தவை படக்குழாய்ப் பெட்டிகளே. அவற்றுக்கு ஏற்றவாறே அது வகுக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கும் பால் முறையில் அதன் படம் அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் 4,14,720 புள்ளிகள். முழு உயர் தெளிவுத் திரையிலோ 1920-ஐ 1080-ஆல் பெருக்க, 20,73,600 புள்ளிகள். அதாவது திரையில் ஐந்து புள்ளிகள் இருக்குமிடத்தில் தட்டில் ஒன்றுதான் உண்டு. எஞ்சிய நான்கையும் யாரேனும் இட்டு நிரப்பியாக வேண்டும்.

இந்த நிரப்புதலே அப்ஸ்கேலிங். சிறிய புள்ளிக் கோலத்தைப் பெரிய முற்றத்திற்கு விரித்துப் போடுகின்ற பெண்மணி, இரு புள்ளிகளுக்கு நடுவே அவ்விரண்டையும் ஒத்த இன்னொன்றை வைப்பாரன்றோ! அது போலவே கருவியும் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைப் பார்த்து இடைப்புள்ளியின் நிறத்தைக் கணிக்கின்றது. கோடுகள் வழவழப்பாகும்; விளிம்புகள் படிக்கட்டுப்போல் தெரியாமல் மறையும். ஆனால் படம் பிடித்தவரின் காமிரா காணாத சேலைச் சரிகையை எந்தக் கருவியும் புதிதாக நெய்துவிட முடியாது.

அடுத்து, அந்நிரப்புதலைச் செய்பவர் யார் என்பது கேள்வி. இங்கேதான் கடைக்காரர் ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தட்டைப் பெட்டிகள் அனைத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. எந்தப் படம் வந்தாலும் அதனை விரித்துத் தன் திரை முழுவதையும் நிரப்பாமல் அப்பெட்டியால் காட்டவே இயலாது. ஆகவே அப்ஸ்கேலிங் செய்யும் உறுப்பு அன்பரின் பெட்டிக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கின்றது. தவணைத் தொகையில் அதன் விலையும் அடக்கம். புதிய பிளேயர் வாங்குவதன் பொருள், அதே வேலைக்கு இரண்டாவது ஆளை அமர்த்துவதே. இரண்டாமவர் முதல்வரினும் திறமைசாலியா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

திறமை வேறுபடும் இடம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. நம் திருமணத் தட்டுகளில் பெரும்பாலானவை பழைய முறையில் பிடிக்கப்பட்டவை. நொடிக்கு 50 அரைப்படங்கள். ஓர் அரைப்படத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இவ்விரண்டையும் பின்னி முழுப்படமாக்குகையில், மாலை மாற்றும் கைகள் வேகமாக அசைந்தால் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றும். இதனைச் சரியாகத் தீர்க்கும் கருவியே நல்ல கருவி. அமெரிக்காவில் ஃபரூட்ஜா என்பாரின் நிறுவனம் இதற்கெனத் தனிப் பெயர் பெற்றிருந்தது. ஆப்போ டிஜிட்டல் நிறுவனத்தாரின் பிளேயர்கள் இவ்விஷயத்தில் பெரிதும் பாராட்டப்பட்டன. அந்நிறுவனம் 2018-இல் புதிய பிளேயர்கள் உருவாக்குவதை நிறுத்திக்கொண்டது. மலிவு விலைப் பிளேயரின் அட்டைப்பெட்டியில் '1080' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதனால் மட்டும் அதற்குள் அத்தகைய திறமை குடியிருக்கும் என நம்புவதற்கில்லை. இப்போது விற்கும் நல்ல தொலைக்காட்சிப் பெட்டி பலவும், மலிவான பிளேயரைவிட இவ்வேலையைச் செவ்வனே செய்கின்றன என்பதே நம் கருத்து.

பழைய பெட்டியில் நன்றாக இருந்ததே என்ற அன்பரின் ஏக்கம் நியாயமானதே. 21 அங்குலத் திரையில் அடங்கிய படம் இப்போது அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ இரு மடங்காக விரிகின்றது. போதாததற்கு, படக்குழாயின் ஒளி சற்றே பரவிக் குறைகளைப் போர்த்தி மறைத்தது. புதிய திரை எதையும் மறைப்பதில்லை. நான்கு மணி நேரத் திருமணத்தை ஒரே தட்டில் திணித்திருந்தால் கட்டங்கட்டமாகத் தெரியும் சிதைவையும் அது உள்ளபடியே காட்டிவிடும். 4.7 ஜிகாபைட் கொண்ட தட்டில் நல்ல தரத்தில் அடங்குவது சுமார் இரண்டு மணி நேரமே. ஸ்டூடியோக்காரர் மிச்சம் பிடித்த ஒரு தட்டின் விலையை எந்த அப்ஸ்கேலிங்கும் திருப்பித் தராது.

ஆனால் செலவின்றிக் கிடைக்கும் பரிகாரங்கள் சில உண்டு. முதலாவது, நாற்காலி! சாதாரணக் கண்பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூற்றுக்கும் குறைந்த நுட்பத்தைப் பிரித்தறியாது. அக்கணக்கின்படி 43 அங்குலத் திரையை 10 அடி தள்ளி அமர்ந்து பார்ப்பவர் சுமார் 600 வரிகளையே பிரித்துக் காண்பார். தட்டில் இருப்பதோ 576 வரிகள். ஏறத்தாழ சரிக்குச் சரி! 6 அடியில் அமர்ந்தால் 1000 வரிகள் வரை கண் தேடும். தட்டின் வறுமை அப்போது அம்பலமாகும். பிள்ளைகளைச் சற்றுப் பின்னால் அமரச் சொல்லித் தாய்மார்கள் எந்நாளும் கூறி வந்ததற்கு இப்படியும் ஓர் ஆதாரம் கிடைத்திருக்கின்றது.

இரண்டாவது, இணைப்புக் கம்பி. மஞ்சள் முனைக் கம்பியால் இணைத்திருந்தால் நிறமும் ஒளியும் ஒன்றாகக் குழைந்து வந்து, விளிம்புகளில் நிறம் கசியும். பிளேயரில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்குமாயின் அக்கம்பியையே பயன்படுத்துக. வேற்றுமை கண்கூடாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பலர் புதிய பிளேயரின் புண்ணியம் என்று எண்ணுவது உண்மையில் கம்பியின் புண்ணியமே. காப்புரிமைப் பூட்டு உள்ள திரைப்படத் தட்டுகளை அப்ஸ்கேலிங் பிளேயர்கள் பொதுவாக எச்.டி.எம்.ஐ. வழியாக மட்டுமே விரித்து அனுப்பும் என்பதையும் நினைவில் கொள்க. அத்தகைய பிளேயரை வாங்கி மஞ்சள் கம்பியில் மாட்டினால் விரித்த படம் வந்து சேராது.

மூன்றாவது, திரையின் வடிவம். பழைய படம் 4-க்கு 3. புதிய திரை 16-க்கு 9. திரை முழுவதும் நிரம்ப வேண்டுமென்று இழுத்து வைத்தால் மணப்பெண் பருத்துவிடுவார். குருவானவரும் குறுகிப் போவார். ரிமோட்டில் 4-க்கு 3 என்று வைத்துவிடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். 'ஷார்ப்னெஸ்' என்பதையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அதனை ஏற்றினால் தெளிவு கூடுவதில்லை. முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் முளைக்கும்.

இவற்றைச் செய்தபின்னும் ஆசை தீரவில்லையாயின், நண்பர் ஒருவரிடம் அத்தகைய பிளேயரை ஒரு மாலைப் பொழுதுக்கு இரவல் பெறலாம். அதன் அமைப்பில் ஒருமுறை 576 என்றும் மறுமுறை 1080 என்றும் வைத்து, எது எதென்று சொல்லாமல் வீட்டாருக்குக் காட்டுங்கள். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லையெனில் பணம் பையிலேயே இருக்கட்டும்.

ஆகவே அன்பருக்கு நம் விடை: உள்ள பிளேயர் நன்றாக ஓடி, அதில் எச்.டி.எம்.ஐ. துளையும் இருந்தால் வாங்க வேண்டாம். அது பழுதாகிவிட்டால் அத்துளை உள்ள சாதாரணப் பிளேயர் ஒன்று போதும்; அப்ஸ்கேலிங் வசதி கூடவே வந்தால் வரட்டும், அதற்கெனத் தனி விலை தர வேண்டாம். 2006-இல் வந்த புளூ-ரே தட்டுகளையும் வாங்கிப் பார்க்கும் எண்ணமுள்ளோர் புளூ-ரே பிளேயரை நாடலாம், அது டி.வி.டி.யையும் ஏற்று விரித்துக் காட்டும். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பிளேயரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: இந்தியா 5-ஆம் மண்டலம், வளைகுடா நாடுகள் 2-ஆம் மண்டலம், அமெரிக்கா 1-ஆம் மண்டலம். இங்கு வாங்கிய திரைப்படத் தட்டை அது ஏற்க மறுக்கலாம். வீட்டு விழாத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் இத்தடை இல்லை.

அன்பர் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மனத்தை உறுத்துவது உண்மையில் அதுவே. ஸ்டூடியோவில் எழுதித் தந்த தட்டு, கடையில் விற்கும் திரைப்படத் தட்டைப் போன்றதன்று. திரைப்படத் தட்டில் காட்சி குழிகளாக அச்சிடப்பட்டிருக்கும். எழுதிய தட்டிலோ ஒருவகைச் சாயப்பூச்சின் மேல் லேசர் ஒளி பதித்த தடமே காட்சி. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுக்கும். தாயாரின் குரல் அத்தட்டு ஒன்றில்தான் இருக்கின்றதென்றால், பிளேயரைப் பற்றிய யோசனை பிறகு வரட்டும். தட்டு எழுதும் கருவி பொருத்திய கணினி உள்ள இளைஞர் எவரேனும் பங்கில் இருப்பார். தட்டிலுள்ள கோப்புகளை மாற்றமின்றி அப்படியே ஹார்டு டிஸ்கில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். 'எச்.டி. ஆக மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்வோர் தரும் பிரதியை வேண்டுமானால் தனியே பெறலாம். மூலத்தின் நேர்ப் பிரதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும். நாளை இன்னும் நல்ல கருவி வந்தால், அது கேட்பது மூலத்தையே.

பிரதி இரண்டாக இருக்கட்டும். ஒன்று அன்பரின் வீட்டில், மற்றொன்று மணமாகிச் சென்ற மகளின் வீட்டில். பழைய தட்டையும் எறிந்துவிடாமல் உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவதோ, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதோ கூடாது. ஆண்டையும், படத்தில் உள்ளோர் பெயர்களையும் உறையின் மேல் எழுதினால் போதும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதனை எழுதிவிடுவது நல்லது.